புறப்பொறிக்கும் ஓர் ஆற்றுப்படை

சவ்வாது மலையடியில், சேயாற்றின் கரையில் அமைந்த செங்கம், கழகக் காலத்தில் செங்கண்மா எனப் பெயர் பெற்று விளங்கியது. அவ்வூரிலிருந்து ஆண்ட நன்னன் சேய் நன்னனைப் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் பத்துப்பாட்டுள் இறுதியாக நிற்பது. 583 அடிகளை உடையது. கூத்தராற்றுப்படை என்னும் மறுபெயரும் கொண்டது. நன்னனின் கொடையைப் புகழ்தற்கே அந்நூல் எழுந்தது என்று மேலோட்டமாகப் பயில்வார் கூறுவர். ஊன்றிப் பயில்வார்க்கோ அது வழிகாட்டி நூலாகவும் தோன்றும். மலைவழிச் சென்று மீண்ட ஒருவன், இனிச் செல்லவிருக்கும் ஒருவனுக்குச் சொல்லும் கையேடு அது. பன்றிக்கு வைத்த பொறிகள் எங்குள்ளன, பாசி படிந்து அடி வழுக்கும் இடம் யாது, புனங்காப்போர் எறியும் கவண்கல் எங்கு வந்து விழும், எங்கெங்கு எதனைப் பற்றி நடக்க வேண்டும் என்பனவெல்லாம் அதன்கண் முறையாக வைத்துச் சொல்லப்பெற்றுள்ளன.

ஆற்றுப்படையின் இலக்கணம் மூன்று எனலாம். சொல்பவன் அவ்வழியில் தானே நடந்தவனாதல் ஒன்று. இடர்களை மறையாது, வரும் வரிசையிலேயே சொல்லுதல் இரண்டு. கேட்பவன் மொழியிலே சொல்லுதல் மூன்று. இம்மூன்றனுள் ஒன்று குறையினும் வழிப்போக்கன் பள்ளத்தில் வீழ்வான்.

அதே செங்கத்துச் சுற்றுப்புறத்து ஊர்களில் நூற்றுக்கணக்கான நடுகற்கள் நிற்கின்றன. அவற்றைத் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் பெயரில் 1972-இல் நூலாக்கி வெளியிட்டது. ஆநிரை காக்கப் போரிட்டு மடிந்த எளிய மறவர்களின் செய்திகள் அவற்றில் தமிழிலே வெட்டப்பெற்றுள்ளன. எடுத்தனூர்க் கல்லில், தன் தலைவன் வீழ்ந்தபின்னும் கள்ளரைக் கடித்து நின்ற கோவிவன் என்னும் நாயின் தறுகண்மையும் எழுதப்பெற்றுள்ளது. அது பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்துக் கல். அன்று ஒரு நாயின் வீரத்தையும் தமிழில் எழுதி வைத்த நாட்டில், இன்று ஓர் உயிரைக் காக்கும் எச்சரிக்கையைத் தமிழில் எழுத ஆளில்லை. இஃது என்ன கொடுமை என்று கேட்பார் மேலே படிக்க.

மலையூர் இளைஞனும் கடற்கரைப் பொறியும்

செங்கத்திலிருந்து ஓர் இளைஞன் தொழிற்பயிற்சி முடித்துப் பிழைப்புத் தேடிக் கடற்கரைக்குச் செல்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அன்று கூத்தர் செங்கண்மாவை நோக்கி வந்தனர். இன்று செங்கத்து இளைஞர் வெளியூர்களை நோக்கிச் செல்கின்றனர். அவனுக்குப் படகின் பின்புறத்தில் பொறி பூட்டும் பட்டறையில் வேலை கிடைக்கிறது. பொறி பெட்டியிலிருந்து இறங்குகிறது. உடன் ஒரு கையேடும் வருகிறது. அது பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். இளைஞன் அதனைப் புரட்டிப் படங்களைப் பார்க்கிறான். பின்னர் மூடி வைத்துவிட்டு, மூத்த கைவினைஞர் செய்வதைப் பார்த்துத் தானும் செய்கிறான். ஏன் அவ்வாறு செய்ய வேண்டும் என்று அவரும் சொல்வதில்லை. அவருக்கும் யாரும் சொன்னதில்லை. கை பழகுகிறது; அறிவு பழகவில்லை.

அப்பொறி யாது? படகின் உள்ளே பதிக்கப்பெறாமல், பின்பலகையின் புறத்தே தொங்கி, நீருள் தன் விசிறியைச் சுழற்றிப் படகை உந்துவது. ‘அவுட்போர்டு மோட்டார்’ என்று கடைத்தெருவில் வழங்குவது இதுவே. படகின் அகத்தே அமைவது அகப்பொறி எனின், புறத்தே தொங்குவது புறப்பொறி. அகம், புறம் என்று வாழ்வையே பகுத்த மொழிக்கு இப்பெயர் சூட்ட ஒரு நொடியும் வேண்டுவதில்லை.

நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூடு என்னும் பொறிவினைஞர் 1909-இல் மில்வாக்கி நகரில் இப்பொறியை வணிக அளவில் செய்து விற்கத் தொடங்கினார். பள்ளிப் படிப்பு மிகக் குறைந்த அவர், தாம் அறிந்த மொழியில் எண்ணிச் செய்தார். சப்பானியர் அயலார் பொறியைக் கண்டு தம் மொழியில் கற்றனர். யமாகா நிறுவனம் தன் முதற் புறப்பொறியை 1960-இல் வெளியிட்டது. இன்று குமரிக் கடற்கரையில் ஓடும் புறப்பொறிகளில் மிகுதி சப்பானியருடையனவே. கற்றவர் விற்கின்றனர்; கல்லாதவர் வாங்குகின்றனர். கல்லாமைக்குக் கரணியம் அறிவின்மையன்று. மொழியின் கதவு அடைபட்டமையே.

பூட்டும் முறை

தமிழில் இதனைச் சொல்ல இயலாது என்பார் முன்னே சொல்லிக் காட்டுவதே விடை. விரைவோட்டப் போட்டிக்குரிய சிறு படகில் புறப்பொறி பூட்டும் முறையைக் காண்க. மீன்படகில் சிறு பிழை பொறுக்கும். போட்டிப் படகில் அரை விரலப் பிழையும் பொறுக்காது. (விரலம் என்பது ஈண்டு அங்குலம்.) ஆகலின் அருமையானதனைச் சொல்லின் எளியது தானே விளங்கும்.

முதலாவது, தண்டின் நீளமும் பின்பலகையின் உயரமும் ஒத்திருத்தல் வேண்டும். புறப்பொறிகள் பொதுவாக 15, 20, 25 விரலத் தண்டுகளுடன் வருகின்றன. குட்டைப் பலகையில் நெடுந்தண்டுப் பொறியைத் தொங்கவிட்டால் அடிப்பகுதி ஆழத்தில் இழுபட்டு விரைவைத் தின்னும். உயர்ந்த பலகையில் குறுந்தண்டைத் தொங்கவிட்டால் விசிறி நீரைப் பற்றாது.

இரண்டாவது, பின்பலகையின் நடுக்கோட்டை இரு விளிம்பிலிருந்தும் அளந்து குறிக்க வேண்டும். பொறி ஒருபால் விலகினால் படகு ஒருபால் இழுக்கும். கைத்திருகுப் பிடிகளை மட்டும் நம்பலாகாது. பலகையை ஊடுருவிச் செல்லும் திருகாணிகளால் இறுக்க வேண்டும். துளைகளில் நீர்க்காப்புப் பசை இட வேண்டும். இடாவிடின் நீர் மரத்துள் புகுந்து பலகை உள்ளிருந்தே இற்றுப்போகும்; வெளிப்பூச்சு அழகாகவே இருக்கும்.

மூன்றாவது, உயரம். விசிறிக்கு மேலே கிடையாக ஒரு தகடு உண்டு. மேலிருந்து காற்று விசிறிக்குள் இழுபடாமல் தடுப்பதால் அதனைக் காற்றுத்தடைத் தகடு எனலாம். பொதுவான படகில் அத்தகடு, படகின் ஏரா அடியோடு ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நிற்கும். போட்டிப் படகிலோ அதற்கும் மேலே உயர்த்துவர். நீருள் அமிழ்ந்திருக்கும் பற்சக்கரக் கூடு ஒரு தடையே. அஃது எவ்வளவு வெளியே வருகிறதோ அவ்வளவு விரைவு கூடும். ஆனால் எல்லை மீறினால் விசிறி காற்றைக் கடிக்கும். பொறி வீணாகச் சுழன்று அலறும். அதனினும் கொடியது, பொறியைக் குளிர்விக்கும் நீர் அடிப்பகுதியில் உள்ள துளைகள் வழியே ஏறுவதாகலின், அத்துளைகள் நீருக்கு வெளியே வந்தால் பொறி விரைவில் வெந்து கெடும். எனவே அரை விரலமாக உயர்த்தி, ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பார்த்து, நீரழுத்தங் காட்டும் முள் வீழாதவரையே மேலே செல்ல வேண்டும்.

நான்காவது, சாய்வு. பொறியின் அடி படகை நோக்கி உள்ளே சாய்ந்தால் படகின் அணியம் தாழும், நீர் தெறிக்கும், திருப்புதல் கனக்கும். வெளியே சாய்ந்தால் அணியம் எழும், நீரைத் தொடும் பரப்புக் குறையும், விரைவு மிகும். அளவு மிஞ்சினால் ஓங்கில் துள்ளுவதுபோல் படகு எழுந்தெழுந்து வீழும். இன்னும் மிஞ்சினால் காற்று அடியிற் புகுந்து படகையே கவிழ்க்கும். மிகு விரைவில் படகு இடமும் வலமுமாக ஆடத் தொடங்கினால், அஞ்சித் திருப்பியை வெட்டி இழுத்தலாகாது. முடுக்கியை மெல்லத் தளர்த்தி, சாய்வைச் சிறிது உள்வாங்க வேண்டும்.

ஐந்தாவது, ‘புரொப்பெல்லர்’ எனப்படும் உந்துவிசிறி. நழுவலே இல்லையெனின் ஒரு சுற்றில் விசிறி முன்னேறும் தொலைவு புரியிடை எனப்படும். திருகளவியின் புரியிடை பள்ளி மாணவர் பயில்வதே. அதே பொருள், அதே சொல். வகுப்பறையில் கற்ற சொல் கடற்கரையில் உதவுகிறது என்று அம்மாணவனுக்கு யாரும் சொல்லாததே குறை. கணக்கையும் காண்க. பொறி ஒரு மணித்துளிக்கு 6000 சுற்றுச் சுழல்கிறது. பற்சக்கரம் அதனைப் பாதியாக்கி விசிறிக்கு 3000 சுற்றுத் தருகிறது. புரியிடை 22 விரலம் எனக் கொள்க. ஒரு மணித்துளியில் 66,000 விரலம், அஃதாவது 5500 அடி. ஒரு மணி நேரத்தில் 3,30,000 அடி. ஏறத்தாழ 100 கிலோமீட்டர். நீர் கல்லன்று, விசிறி நழுவும். பத்து விழுக்காடு நழுவினால் 90 கிலோமீட்டர் எஞ்சும். புரியிடையை ஒரு விரலம் கூட்டினால் பொறியின் சுற்று ஏறத்தாழ 150 முதல் 200 வரை குறையும். முழு முடுக்கத்தில் பொறியின் சுற்று, செய்தவர் குறித்த எல்லைக்குள் நிற்குமாறு விசிறியைத் தேர்தல் வேண்டும். புரியிடை குறைந்தால் பொறி மிகச் சுழன்று தேயும். கூடினால் ஏறுமாட்டால் இழுக்கலாகாப் பாரம்போலத் திணறும்.

ஆறாவது, எடை. எரிநெய்க் கலமும் மின்கலமும் ஓட்டுவோனும் அமரும் இடத்தைப் பொறுத்தே படகின் நிலை அமையும். முற்சொன்ன துள்ளல் சாய்வால் மட்டுமன்றி, எடை முழுதும் பின்னே குவிந்தாலும் நிகழும்.

ஏழாவது, எல்லாவற்றினும் தலையாயது: உயிர்க்கயிறு. பொறியின் நிறுத்துவிசையில் ஒருமுனையும் ஓட்டுவோன் உடலில் மறுமுனையும் மாட்டப்பெறும் குறுங்கயிறு அது. அவன் தூக்கியெறியப்பட்டால் கயிறு விசையை இழுத்துப் பொறியை நிறுத்தும். கயிறு மாட்டாதவன் வீழ்ந்தால், ஆளில்லாப் படகு வட்டமிட்டுத் திரும்பி, சுழலும் விசிறியோடு அவன் மேலேயே வரும். அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைந்த விசைப்படகுகளில் இத்தகைய நிறுத்தியை ஓட்டும்போது இணைத்தே இருக்க வேண்டும் என்ற சட்டம் 2021 ஏப்பிரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இங்கோ பொறியோடு வரும் அந்தச் சிவப்புக் கயிற்றின் பயன் அயன்மொழித் தாளில் புதைந்து கிடக்கிறது. தமிழில் நான்கு சொல் போதும்: கயிற்றை மாட்டிய பின் முடுக்கு.

இவ்வளவும் தமிழில் சொல்லப்பட்டது; எவ்விடத்தும் தமிழ் இடறி வீழவில்லை.

சொல்லை ஈந்தவன் சொல்லின்றி நிற்கிறான்

பொறியோட்டப் போட்டி தமிழர்க்கு எட்டாத் தொலைவில் நிகழ்வது என்று கருதற்க. 2018 நவம்பரில் ஆந்திர மாநிலத்துக் கிருட்டிணை ஆற்றில் ‘பார்முலா ஒன்று’ எனப்படும் உலக விசைப்படகுப் போட்டி நடைபெற்றது. மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் விரையும் அப்படகுகள் ஒவ்வொன்றன் பின்னும் ஒரு புறப்பொறி தொங்கும். அவை இரட்டையடிப் படகுகள். அவ்வகைப் படகை உலகம் அழைக்கும் பெயர் யாது? ‘கட்டமரான்’. கட்டுமரம் என்னும் தமிழ்ச்சொல்லே அது.

சோழமண்டலக் கரையில் கண்ட கட்டுமரத்தைப் பற்றி ஆங்கிலக் கடலோடி வில்லியம் தாம்பியர் தம் 1697-ஆம் ஆண்டு நூலில் எழுதினார். 1876-இல் அமெரிக்கர் நத்தானியேல் எர்ரெசாப்பு கட்டிய இரட்டையடிப் பாய்ப்படகு போட்டியில் வென்று பெயர் பெற்றது. நேர்மையாகச் சொல்லின், இரட்டையடிப் படகு பசிபிக் தீவினர் மரபு. தமிழர் கட்டுமரமோ மரங்களைப் பிணைத்தது. பொருள் தமிழருடையதன்று, பெயர் தமிழருடையது. உலகின் மிக விரைந்த படகுக்குப் பெயரீந்த மொழியினர், அப்படகின் பின்னே தொங்கும் பொறிக்குச் சொல்லின்றித் திக்குகின்றனர்!

சொல் இல்லாமலா போயிற்று? படகின் முன்புறம் அணியம், பின்புறம் அமரம், அடிமரம் ஏரா, விலாச்சட்டம் வங்கு. இவை பண்டிதர் அறையிற் பிறந்தவை அல்ல. கடற்றொழிலர் வாயில் வாழ்ந்தவை. இச்சொற்களைக் கொண்டே ஈழத்து வல்வெட்டித்துறைக் கம்மியர் கப்பல் கட்டினர். அவர்கள் கட்டிய ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல் பெருங்கடல்களைக் கடந்து 1938-இல் அமெரிக்காவின் குளோசுடர்த் துறையை அடைந்தது. அக்கப்பலின் ஒவ்வோர் உறுப்புக்கும் அதனைச் செய்த கைக்கு ஒரு பெயர் தெரிந்திருந்தது. பெயர் தெரிந்தமையாலேயே மகனுக்குத் தந்தை சொல்ல முடிந்தது.

1980-களில் குமரி மாவட்ட முட்டத்தில் ஒட்டுப்பலகைப் படகுகள் கட்டப்பெற்றுப் புறப்பொறிகள் பூட்டப்பெற்றன. 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் கண்ணாடியிழைப் படகுகள் கடற்கரையெங்கும் பெருகின. மரம் போயிற்று; மரத்தோடு வங்கும் ஏராவும் வாயிலிருந்து போகத் தொடங்கின. புதுப்பொருள் வந்தபோது புதுச்சொல் தமிழில் பிறக்கவில்லை. தொழில் மாறினால் சொல் மாறுதல் இயல்பே. ஆனால் சொல் மாறுதல் வேறு, மொழியே மாறுதல் வேறு.

மறுப்பார்க்கு மறுமொழி

“தொழிற்சொற்கள் உலகப் பொது, அவற்றைப் பெயர்ப்பது வீண்” என்பர் சிலர். உலகப் பொது என்பது ஆங்கிலமே என்று யார் வகுத்தது? செருமானியனும் சப்பானியனும் தத்தம் மொழியிலேயே பொறிகட்குப் பெயரிட்டுக் கொள்கின்றனர். அவர்தம் பொறிகள் அதனால் ஓடாமல் நின்றுவிடவில்லை. “கடற்றொழிலன் ஆங்கிலச் சொல்லையே புழங்குகிறான்” என்பர் வேறு சிலர். உண்மையே. பெயரைப் புழங்குகிறான், விளக்கம் அவனுக்கு எட்டவில்லை. ‘பிட்சு’ என்று சொல்லத் தெரியும். எத்தனை விரலம், எதற்கு என்று தெரியாது. புரியிடை என்றாலோ, புரிக்கும் புரிக்கும் இடையே உள்ளது என்று சொல்லே பொருளைக் காட்டிவிடும். இதுவே தாய்மொழிச் சொல்லின் ஆற்றல்.

தமிழன்பர் தம் குறையையும் மறைத்தல் தகாது. பொறியைக் கண்ணாற் காணாமல், அகரமுதலியை மட்டும் விரித்து வைத்துச் சொல்லாக்குவோர் உளர். ‘பின்புறத் தொங்குநிலை நீருந்துவிசைச் சுழலாழி’ என்று அவர் ஒரு தொடரை ஆக்கித் தந்தால், அலைமேல் நிற்பவன் அதனைச் சொல்லி முடிக்குமுன் படகு கவிழ்ந்துவிடும். அத்தகைய சொல் தமிழுக்கு ஆக்கமன்று, எள்ளுவார்க்குத் தீனி. மறைமலையடிகள் 1916-இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் சொற்களைச் சேர்த்துக் குவிப்பதற்காக எழுந்ததன்று. தமிழன் தன் மொழியில் எண்ணித் தலைநிமிர்ந்து வாழ்தற்கு எழுந்தது. பாவாணர் சொல்லாராய்ச்சியில் உழவர், கம்மியர் வழக்குகளைப் பொன்னேபோற் போற்றியதும் இது கருதியே. அவரை முதல் இயக்குநராகக் கொண்டு 1974-இல் தொடங்கிய சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டம் பழஞ்சொற்களின் வேரைக் காட்டியது. வேருக்கு மேல் தளிரும் வேண்டுமன்றோ? தளிர் துளிர்க்க வேண்டிய இடம் பட்டறை.

அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் கட்டட இயலையும் பொறி இயலையும் தமிழ்வழிக் கற்பிக்கத் தொடங்கியது நன்று. ஆயினும் பட்டம் பெறுவோன் தமிழில் கற்றால் மட்டும் போதாது. பட்டமின்றிப் பொறியைப் பூட்டுகிறவனுக்கும், அப்பொறியை நம்பிக் கடலுக்குள் செல்கிறவனுக்கும் தமிழ் வேண்டும். பல்கலைக்கழகத் தேர்வில் தவறினால் மதிப்பெண் போகும். கடலில் தவறினால் ஆளே போவான்.

செய்யத்தக்கன

செய்யத்தக்கன மூன்று. கடற்கரை ஊர்களில் உள்ள தமிழாசிரியர்கள் தத்தம் ஊர் முதியோரிடம் சென்று படகுச் சொற்களை எழுதிக்கொள்ளல் வேண்டும்; அம்முதியோர் மறையின் அச்சொற்களும் மறையும். அடுத்து, பொறிவினைஞரும் தமிழறிந்தாரும் ஒரே பட்டறையில் அமர்ந்து, கையில் எண்ணெய்க் கறையோடு, படத்துடன் கூடிய சிறு கையேடு ஒன்றை ஆக்க வேண்டும். வினைஞன் வாயில் நில்லாத சொல்லை அங்கேயே தள்ளிவிட வேண்டும். மூன்றாவது, தமிழ்நாட்டில் விற்கப்பெறும் ஒவ்வொரு படகுப் பொறியின் மேலும் எச்சரிக்கை தமிழில் பொறிக்கப்பெற வேண்டும் என்று அரசு ஆணையிட வேண்டும். முன்னிரண்டற்கு அரசை எதிர்பார்த்து நிற்க வேண்டுவதில்லை. மூன்றாவதற்கு அரசை விடாது வலியுறுத்த வேண்டும்.

செங்கண்மாவுக்கு வழி சொன்ன கூத்தன் கற்றுத் துறைபோய புலவனாகச் சொல்லவில்லை; நடந்து களைத்த காலோடு சொன்னான். அதனால்தான் அவன் சொன்ன வழி நூற்றாண்டுகள் பல கடந்தும் தெளிவாகத் தெரிகிறது. இன்றைய மலை இரும்பாலானது. இன்றைய பாசி அயன்மொழி. அம்மலையேறி மீண்ட தமிழன் எவனோ, அவன் அடுத்த தமிழனுக்குத் தமிழில் வழி சொல்லக் கடமைப்பட்டவன். செங்கத்திலிருந்து சென்ற இளைஞன் பொறியைப் பூட்டி முடித்துத் தன்னினும் இளையவனை அழைத்து, “தம்பி, முதலில் கயிற்றை மாட்டு, பிறகு முடுக்கு” என்று காரணமும் கூறிக் கற்பிக்கும் நாளே, தனித்தமிழ் ஏட்டை விட்டிறங்கி நாட்டில் நடக்கத் தொடங்கிய நாளாகும்.